நடுக்கதவு உள்ள அறை

ஜூன் மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலில் போய் வரலாம் என்று அண்ணன் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்க முடியுமாய்யா?" என்பதுதான்.

அண்ணன் சிரித்தார். தொலைபேசியின் மறுமுனையில் அண்ணி சிரிப்பதும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா கேட்டதில் தப்பில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் நாங்கள் இருந்தபோது தாத்தா, பாட்டி, சித்தப்பா உட்பட ஒன்பது பேர். படுக்க ஓர் அறை, ஒரு நடை, அடுப்படி. அவ்வளவுதான். இரவில் யார் புரண்டு படுத்தாலும் மற்றவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்தது பலகைச் சுவர். அங்கே குழந்தை அழுதால் இங்கே பாட்டி தாலாட்டுவார். அந்த வாழ்க்கையிலிருந்து தாமான் வீட்டுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், அம்மாவுக்குக் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக விரித்த பாய்கள்தான்.

நாங்கள் பதினொரு பேர். அப்பா, அம்மா. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். நான், என் வீட்டுக்காரர், ஆறு வயது மகள், நான்கு வயது மகன், பத்து மாதக் கைக்குழந்தை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மூன்று இரவு கழித்து மீண்டும் சிங்கப்பூரில் இறங்குவது திட்டம். கப்பலின் பெயரையும் முகவரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எந்தக் கப்பலானாலும் பெரிய குடும்பம் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போனால் இதே கணக்குத்தான் வரும்.

அண்ணன் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார். மூன்று அறைகள், மூன்றும் பால்கனி வைத்தவை, வரிசையாக ஒரே தளத்தில். செலவு முழுக்க அவருடையது. "அப்பா காலைல எழுந்து கடலப் பாத்துக்கிட்டு காப்பி குடிக்கணும். அதுக்குத்தானே போறோம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏன் என்று சொல்வதற்கு முன், அறைகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கைப்பேசியில் கப்பலின் தள வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். ஆயர் குரோவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவள். எனக்கு வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது.

கப்பல் அறைகளில் பொதுவாக நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள அறை. பால்கனி அறை. அதற்கு மேல் வரவேற்பறையெல்லாம் வைத்த பெரிய அறைகள். அவற்றின் விலையைப் பார்த்துவிட்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சாதாரண உள்ளறை ஏறக்குறைய 150 சதுர அடி இருக்கும். இரண்டு பேர் படுக்கக் கட்டில். மூன்றாவது ஆளுக்கு விரித்துப் படுக்கும் சோபா. நான்காவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்கட்டில். நான்கு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால், நான்கு பேர் படுக்கத்தான் முடியும். நான்கு பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. குழந்தைக்குத் தொட்டில் கேட்டால் பல கப்பல்களில் பணம் வாங்காமல் தருவார்கள். ஆனால் அது தரையில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. கைக்குழந்தையும் ஒரு தலைக்கணக்கு. "பத்து மாசக் குழந்தைதானே, என் பக்கத்துலயே போட்டுக்கறேன்" என்று முகவரிடம் சொன்னேன். முடியாது என்றார். நான்கு பேர் அறையில் ஐந்தாவதாகக் குழந்தையின் பெயரை ஏற்ற முடியாதாம். முதலில் இது பணம் பிடுங்கும் வழி என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. கப்பலில் ஒவ்வோர் அறைக்கும் ஓர் உயிர்காப்புப் படகு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படகில் இத்தனை இருக்கை என்று கணக்கு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது இருந்த படகுகளில், கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இடம் இருந்தது. அதற்குப் பிறகு 1914இல் நாடுகள் கூடி எழுதிய கடல் பாதுகாப்பு உடன்படிக்கைதான், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கணக்கில் என் மகனும் ஓர் ஆள். அதைப் படித்த பிறகு முகவரிடம் நான் வாதாடவில்லை.

ஆக நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் இருக்க வழியில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் எப்படியும் அப்பா அம்மாவின் அறைக்குப் போயாக வேண்டும்.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. பல கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. நீண்ட கடற்பயணம் என்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் அனுமதி இல்லை. டயப்பர் கட்டிய பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். குழந்தைக்கும் கடப்பிதழ் வேண்டும். நம் நாட்டில் 12 வயது வரைக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 100 வெள்ளி, மற்றவர்களுக்கு 200 வெள்ளி. பணத்தைவிட, கைக்குழந்தையை இரண்டு கண்ணும் திறந்து நேராகப் பார்க்க வைத்துப் படம் எடுப்பதுதான் பாடு. குடிநுழைவு அலுவலகத்தில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டித்தான் அந்தப் படம் கிடைத்தது.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 73 வயது. நாற்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மலாக்காவில் ரப்பரின் கதை பழையது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதும், பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டம் போட்டதும் பள்ளிப் புத்தகத்தில் வரும். அந்த மரங்களுக்குக் கீழே கத்தியும் வாளியுமாக நின்றவர்களின் வரிசையில் என் தாத்தாவும் அப்பாவும் உண்டு. அப்பா காலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்பார். மண்டோர் பெயர் கூப்பிடுவார். பிறகு இருட்டோடு நிரைக்குப் போவார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபோதும் அந்த நான்கு மணி மாறவில்லை.

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், ஓர் இரவு மூன்று மணிக்கு அப்பா வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கையில் குளியலறை வாளி. தாமானின் முனையில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அதிகாலைத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பார்த்துக் கூட்டி வந்தார். "பெரட்டுக்கு நேரமாச்சு, எல்லாரும் எங்க?" என்று அப்பா அவரிடம் தமிழில் கேட்டிருக்கிறார்.

அதன் பிறகு மருத்துவரைப் பார்த்தோம். மறதி நோயின் தொடக்கம் என்றார்கள். பகலில் அப்பா அப்பாவாகத்தான் இருப்பார். பசாரில் மீன் விலை பேசுவார், பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவார். இரவில்தான் சிக்கல். விழித்தால் எந்த வீட்டில் இருக்கிறோம், எந்த ஆண்டில் இருக்கிறோம் என்பது குழம்பிவிடும். நான் அண்ணனிடம் சொல்லாமல் இல்லை. "மறதியா இருக்காருண்ணே" என்று சொன்னேன். அண்ணன் "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா சொல்ல வேண்டாம் என்றார். தொலைவில் இருக்கும் பிள்ளை மனம் கலங்கக் கூடாதாம்.

பால்கனி என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதனால்தான். நான்கு வயது மகனுக்குப் பயந்தால் நாற்காலியை எடுத்து உள்ளே போடலாம். பால்கனிக் கதவின் மேல் கொண்டியைப் போட்டால் அவனுக்கு எட்டாது. அப்பாவுக்கு எட்டும்.

சரி, உள்ளறை எடுக்கலாமா? விலையும் குறைவு. ஆனால் உள்ளறையில் விளக்கை அணைத்தால் அது இருட்டல்ல, கும்மிருட்டு. இரவா பகலா என்று தெரியாது. கைக்குழந்தை உள்ள சிலர் அதையே விரும்பி எடுக்கிறார்கள், பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று. பாதி ராத்திரியில் விழித்து எங்கே இருக்கிறோம் என்று தேடும் மனிதருக்கு அது சரிப்படாது. மருத்துவமனைத் தாதியிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார், வெளிச்சம் தெரியும் ஜன்னல் இருந்தால் நல்லது, இரவில் சின்ன விளக்கு எரியட்டும் என்று.

இன்னொரு பிரச்சினை. கப்பல் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைக்க முடியாது. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும். தீ பிடித்தால் தப்பிக்க வேண்டுமே. அதனால் அப்பா எழுந்து வெளியே போனால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள் உள்ள நீண்ட நடைபாதையில் நிற்பார். ஆயிரம் கதவு, ஒரே நிறம்.

எனக்கு வேண்டியிருந்தது, ஜன்னல் உள்ள இரண்டு அறைகள், நடுவில் திறந்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கதவு. அதைத் திறந்து வைத்தால் அப்பா புரண்டு படுத்தாலும் எனக்குக் கேட்கும். பலகைச் சுவர் வீட்டில் வளர்ந்த காது.

ஆனால் அதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்து, விலை, கப்பல் ஆட்டம் என்று என்னென்னவோ காரணம் சொன்னேன். அவர் விடவில்லை. "காசு நான் குடுக்கறேன்னுதானே உனக்கு ஒரு மாதிரியா இருக்கு? மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் பத்து பிரண்டாம் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். அண்ணன் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதிப்பவர். அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்று. பேசாததாலேயே எப்போதும் இருக்கும் ஒன்று. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாளிக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். அம்மா வேண்டாம் என்றதைச் சொன்னேன். "வாளியா? எந்த வாளி?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அது என்ன கேள்வி என்று தோன்றியது. "பச்சை வாளி" என்றேன். பிறகு "நீயே பாத்து ரூம் எடு, எது வேணுமோ எடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. முகவர் அனுப்பிய பதிவில் இரண்டு அறைகளும் அடுத்தடுத்து என்று இருந்தது. எனக்கு நிம்மதி. வீட்டுக்காரர்தான் எண்களை வைத்து வரைபடத்தில் தேடினார். நடுக்கதவு உள்ள அறைகளுக்கு இடையில் வரைபடத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். எங்கள் எண்களுக்கு நடுவில் அது இல்லை. அடுத்தடுத்த அறை வேறு, உள்ளே கதவு வைத்து இணைத்த அறை வேறு. முகவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அல்லது நாங்கள் கவனிக்கமாட்டோம் என்று நினைத்தார். மாற்றச் சொன்னால், அந்தத் தளத்தில் இணைப்பு அறைகள் எல்லாம் போய்விட்டன என்றார். கப்பலில் ஆயிரக்கணக்கில் அறை இருந்தாலும் இணைப்பு அறைகள் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறையில் அவைதான் முதலில் தீரும். கடைசியில் இரண்டு தளம் கீழே, ஜன்னல் வைத்த ஒரு ஜோடி கிடைத்தது. மாற்றுக் கட்டணம் கட்டினோம். அதை என் வீட்டுக்காரர் கட்டினார், அண்ணனுக்குச் சொல்லாமல். வாங்கிய பிறகு அறை எண்ணை விற்பவரே ஒதுக்கட்டும் என்று விட்டால் விலை குறையும் என்று ஒரு வகைச் சீட்டும் இருக்கிறது. தனியாக, ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது சரி. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், உங்களை மூன்று தளத்தில் பிரித்துப் போட்டாலும் கேட்க முடியாது.

கீழ்த்தளம் கிடைத்தது நல்லதாகவே போயிற்று. கப்பலின் நடுப்பகுதியில், கீழே இருக்கும் அறைகளில்தான் ஆட்டம் குறைவு. மரத்தின் நுனி ஆடுகிற அளவுக்கு அடி ஆடாது, அதே கணக்கு. மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம் என்றால் சத்தமும் இருக்காது. உணவுக்கூடத்துக்கு நேர்கீழே எடுத்தவர்கள் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழுந்த கதையைச் சொல்வார்கள். அரங்கத்துக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை முழக்கம். சில தளங்களில் ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகுதான் தொங்கும், கடல் தெரியாது. அதையும் பார்த்தோம்.

நடுவில் எடு, ஆடாது என்று எனக்கு முதலில் சொன்னது வரைபடமல்ல, அப்பா. வேலை முடிந்து வந்து நான் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தபோது எட்டிப் பார்த்து, "கப்பலா? நடுவுல பாயப் போடச் சொல்லு. ஆத்தா அப்படித்தான் போட்டுச்சு" என்றார்.

1961இல், அப்பாவுக்கு ஒன்பது வயதில், தாத்தாவும் பாட்டியும் ஊரைப் பார்க்கப் போய்த் திரும்பியது ரஜூலா கப்பலில். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கப்பலோடு ஒரு தொடர்பு இருக்கும். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அறைப் பயணிகள் நூற்றுச் சொச்சம்தான். தளத்தில் பாய் விரித்துப் போகிறவர்களோ, தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி. அதன் சகோதரக் கப்பலான ரோஹ்னா, போர்க்காலத்தில் 1943இல் மத்தியதரைக் கடலில் குண்டு விழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களோடு போய்விட்டது. ரஜூலா நம்மவர்களைச் சுமந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீ பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் வழியே முடிந்துபோனது.

தள வகுப்பில் அறை தேர்ந்தெடுப்பது என்றால், ஏணி இறக்கியதும் ஓடிப்போய் இடம் பிடிப்பது. தாத்தா டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் வைத்தாராம். மறுபக்கம் அரிசி மூட்டை. நடுவில் பாட்டி இரண்டு பாயை விரித்து, சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டுத் திரை கட்டினாராம். சுற்றிலும் இப்படியே நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஓரத்தில் போட்டால் காற்று வரும், ஆனால் மழையும் அலையும் வரும். முன்பக்கம் போட்டால் வாந்தி. அதனால் நடுவில். கைக்குழந்தைக்காரியைப் பார்த்தால் பக்கத்தில் உள்ளவர்கள் பாயைச் சுருட்டி இடம் விடுவார்களாம். நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதை மறக்கும் அப்பா இதையெல்லாம் நிறம், வாசனையோடு சொல்வார்.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதுதான் கடைசிக் கேள்வி. இதற்கு விலையில் வித்தியாசமில்லை, அதனால் யாரும் யோசிப்பதில்லை. மலாக்கா நீரிணையில் கப்பல்களுக்குச் சாலை போலவே போகும் தடமும் வரும் தடமும் பிரித்திருக்கிறார்கள். வடக்கே போகும் கப்பல்கள் நம் கரைப் பக்கத் தடத்தில் போகும், தெற்கே வருபவை சுமத்திராப் பக்கத்தில். ஆகவே சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னலில் மலேசியா. மாலையில் கிளம்பினால் நள்ளிரவு வாக்கில் மலாக்காவுக்கு எதிரே இருக்கலாம். அப்பா விழிக்கும் நேரம். நான் வலப்பக்கம் எடுத்தேன்.

பெயர்களை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். எங்களுக்கு அதில் சிக்கலில்லை. அப்பா, அம்மா, மகள் ஓர் அறை. நாங்கள் இருவர், மகன், கைக்குழந்தை மறு அறை. அண்ணன் குடும்பம் மேலே பால்கனி அறையில். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் முதல் இருவரைவிடக் குறைவுதான். ஆனால் துறைமுகக் கட்டணமும் பணியாளர்களுக்கான அன்பளிப்பும் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். பதினொரு தலைக்குக் கூட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் போட்ட விலையை நம்பிக் குடும்பத்தில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நாள் அண்ணன் வீட்டில் தங்கினோம். ஜோகூர் பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

கப்பலில் ஏறியதும் எல்லாரும் அவரவர் கூடுமிடத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஆபத்து வந்தால் எங்கே நிற்பது என்று காட்டும் பயிற்சி. கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியதுமோ இது நடந்தாக வேண்டும் என்பது விதி. 2012இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்த பிறகு இதில் கண்டிப்பு கூடியிருக்கிறது. பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். அண்ணி முகத்தில் வேர்வை. அப்பா மட்டும் கைகளை உடம்போடு ஒட்டி நேராக நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஊழியர் அட்டையை வாங்கிக் கருவியில் வைத்ததும் தலையசைத்தார். "பெரட்டு முடிஞ்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டார். முடிஞ்சதுப்பா என்றேன். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வேறு பக்கம் பார்த்தார்.

அறைக் கதவுகள் பெரும்பாலும் இரும்பு. காந்தம் ஒட்டும். மகள் வீட்டிலேயே ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள், சாய்ந்த கோடு வெட்டிய பால்மரம், கீழே மங்கு. பாலை ரோஜா நிறத்தில் வரைந்திருந்தாள். அதைத் தாத்தாவின் கதவில் நான்கு காந்தம் வைத்து ஒட்டினோம். அந்த நடைபாதையில் அது ஒன்றுதான் வேறு மாதிரிக் கதவு. அறையைச் சுத்தம் செய்யும் தம்பியிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லி வைத்தேன். வெளிக்கதவின் கைப்பிடியில் மகளின் பழைய கொலுசைக் கட்டினேன். அப்பாவின் கைக்குப் பட்டை, அதில் அறை எண்ணும் என் பெயரும். நடுக்கதவை ஊழியர் வந்துதான் திறந்துவிட வேண்டும், ஏறியவுடனே சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்ததும் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும் இரண்டு முறை நடந்து பார்த்தார். "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார்.

முதல் இரவு. மணி என்ன என்று பார்க்கவில்லை, ஒன்று இருக்கும். கொலுசு சத்தம் வரவில்லை. ஆனாலும் விழித்துக்கொண்டேன். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தாண்டி மெல்ல எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள், தொலைவில் நீளமாகக் கரை வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் ஓர் ஒளி வந்தது, போனது. மறுபடி வந்தது. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கமாக இருக்க வேண்டும். போர்ட் டிக்சன் பக்கம் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பள்ளியில் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"சுவெட்டன்ஹாம் வந்துருச்சா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்லப்பா. காலைல."

"ஆத்தா எங்க படுத்திருக்கு?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடுக்கதவைத் திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் அம்மாவும் மகளும். அந்தப் பக்கம் மற்றவர்கள். "எல்லாரும் இங்கதாம்பா படுத்திருக்காங்க" என்றேன். அவர் ஒவ்வொரு தலையாக எண்ணினார், விரலை நீட்டி. பிறகு தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பினாங்கில் இறங்கி நடந்தோம், நாசி கண்டார் சாப்பிட்டோம், மகனுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. அன்றிரவு சுமத்திராப் பக்கத்திலிருந்து காற்றும் மழையும் அடித்தன. இந்த மாதங்களில் நீரிணையில் அது வழக்கம்தான். எங்கள் அறையில் தண்ணீர்க் குவளைகூடச் சாயவில்லை. மேலே அண்ணன் அறையில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல். இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. பார்த்தால் அண்ணன். தோளில் போர்வை.

"பாப்பாவ மேல அனுப்பு. அண்ணிகிட்ட சொல்லிட்டேன். நான் இங்க படுத்துக்கறேன்."

மகளுக்கு ஒரே குதூகலம், பால்கனி அறை, அதுவும் மாமா பிள்ளைகளோடு. நான் பால்கனிக் கொண்டியைப் பற்றி அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணன் அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சோபாவில் மடக்கிப் படுத்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காலையில் நான் எழுந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"மூணு மணிக்கு எழுந்துட்டாரு" என்றார். "என்னப் பாத்து, தாத்தா பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாளி எங்கன்னு கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றேன், நீங்க படுங்கன்னு சொன்னேன். படுத்துட்டாரு."

அம்மா எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, காப்பி இந்தக் கப்பலில் எந்த மாடியில் கிடைக்கும் என்று கேட்டார்.